ரயரின் பக்கச் சுவரில் ஒரு நூற்றாண்டு

எந்த வாகனத்தின் ரயரையும் குனிந்து பார்த்தால் பக்கச் சுவரில் ஒரு எண் வரிசை தெரியும். பி 235/75 ஆர் 15 என்று இருக்கலாம். 31×10.50 ஆர் 15 என்றும் இருக்கலாம். ரயர் தேய்ந்தால் அந்த எண்ணைக் கடையில் போய்ச் சொல்லுவோம், அதே அளவை எடுத்துப் பூட்டிவிடுவினம். அதோடு அலுவல் முடிந்தது. வாகனத்தைச் செய்த கம்பனி எங்களுக்குப் பதிலாக ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு ட்ரக்கின் ஸ்பிரிங்கையும் ஷொக் அப்சோபரையும் மாற்றி நாலு அங்குலம் உயர்த்திய பிறகு அந்த எண் உதவாது. பழைய ரயர் அப்பாவின் சேட்டைப் போட்ட சின்னப்பிள்ளை மாதிரி சில்லுக் கூட்டுக்குள் தொலைந்து நிற்கும். பெரிய ரயர் வேண்டும். சரி, எவ்வளவு பெரிசு? 31ஆ, 33ஆ, 35ஆ? அமெரிக்காவில் அறுபது வருசமாக இந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு பெரிய கலாசாரமும் ஒரு பெரிய வியாபாரமும் நடக்கின்றன. எங்கட ஊர்களில் டபுள் கெப் வைத்திருக்கிறவர்களும் இதைக் கேட்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வியை அதன் வரலாற்று வழியாகப் பார்க்கிறோம். ரயரில் இருக்கும் எண்ணை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதவில்லை. ஒவ்வொரு காலமும் தனக்குத் தேவையானதை அதில் எழுதியது, மற்றதை விட்டுவிட்டது. விடுபட்ட ஒன்றைச் சரியாகக் கவனிக்காதது, 271 பேர் செத்துப்போன ஒரு சம்பவத்தில் ஒரு பங்கு வகித்தது. அந்த இடத்துக்குப் போக முதல், ஆரம்பத்திலிருந்து வருவோம்.

முதலில் உயரம்தான் எழுதினார்கள்

காற்றடைத்த சில்லுக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான ரொபேட் வில்லியம் தொம்சன், 1845இல். அது அப்படியே மறந்துபோனது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் அதைத் திரும்பவும் கண்டுபிடித்தார். சைக்கிளுக்கு வந்தது, பிறகு மோட்டார் வாகனத்துக்கு வந்தது.

1908இல் ஃபோர்ட் கம்பனியின் மொடல் ரி கார் வந்தபோது அமெரிக்கக் கிராமத்து வீதிகள் பெரும்பாலும் மண் வீதிகள்தான். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் வண்டித் தடம். அதனால் அந்தக் கார் உயரமாக, மெல்லிய பெரிய சில்லுகளில் நின்றது. இன்றைக்கு ட்ரக்கை உயர்த்துகிறவர்கள் தேடுகிற நில இடைவெளி அந்தக் காருக்குப் பிறவியிலேயே இருந்தது.

அதன் பின் ரயர் அளவு 30×3½. முதல் எண் ரயரின் முழு உயரம், 30 அங்குலம். இரண்டாவது அதன் தடிப்பு. ரிம்மின் அளவு எழுதப்படவில்லை, கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 30இலிருந்து இரண்டு தடவை 3½ஐக் கழித்தால் 23. ரிம் 23 அங்குலம்.

1920களில் பலூன் ரயர்கள் வந்தன. தடிப்புக் கூடியது, உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பயணம் மெத்தென்று ஆனது. இங்கே ஒரு அடிப்படை விசயத்தைப் பிடித்துக்கொள்ள வேணும்: வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது இறப்பர் இல்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்று. இறப்பரும் நூலும் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பை மட்டுந்தான். பை பெரிசானால் அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கலாம். பை பெரிசாகாமல் அழுத்தத்தை மட்டும் குறைத்தால் தாங்கும் அளவு குறையும்.

பலூன் ரயரோடு எண்ணும் தலைகீழாகியது. மொடல் ரியின் புதிய அளவு 4.40-21. இப்போது முதலில் தடிப்பு, பிறகு ரிம். முழு உயரம் எண்ணிலிருந்து காணாமல் போய்விட்டது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: 21உடன் இரண்டு 4.40ஐச் சேர்த்தால் 29.8. பழைய 30 அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ரிம் 2 அங்குலம் சின்னதாகியும் கார் தரையிலிருந்து அதே உயரத்தில் நின்றது, அதே கியர் கணக்கில் ஓடியது. மாற்று ரயர் தெரிவில் முதல் பாடம் இதுதான். எண்கள் எப்படி மாறினாலும் முழு உயரம் மாறாதவரை வாகனத்துக்கு வித்தியாசம் தெரியாது. உயரம் மாறினால் எல்லாமே மாறும்.

யுத்தமும் இறப்பரும்

இந்தக் கதையில் எங்கட தீவுக்கும் ஒரு இடம் உண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தவை ஒரு சிறு பகுதிதான். அப்படி முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியாவின் இறப்பர் தோட்டங்களின் வரலாறு அங்கேதான் வேர்விடுகிறது. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மலையகத் தமிழரும் சிங்களவரும் விடியற்காலையில் வெட்டி எடுத்த பால் உலகத்தின் வீதிகளில் ஓடியது.

1942இல் யப்பான் மலாயாவைப் பிடித்தபோது நேச நாடுகளின் இயற்கை இறப்பரில் மிகப் பெரும்பகுதி ஒரேயடியாகக் கை நழுவியது. மிஞ்சிய முக்கியமான மூலம் இலங்கை. மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் எடுக்கக்கூடியதையெல்லாம் எடுக்கும் வெட்டு முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் யுத்த காலத்தில் முதன்முதலாகப் பங்கீட்டுக்குள் வந்த பொருள் ரயர்தான். ஒரு ஆள் ஐந்து ரயருக்கு மேல் வைத்திருக்க முடியாது. நாடு முழுக்க வேக எல்லை மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீற்றர். பெற்றோலைப் பங்கிட்டதற்குக்கூட முக்கிய காரணம் பெற்றோல் தட்டுப்பாடு இல்லை, ரயர் தேயக்கூடாது என்பதுதான்.

அந்த யுத்தத்தில் வில்லிஸ் ஜீப் 6.00-16 ரயரில் ஓடியது. டொட்ஜ் கம்பனியின் முக்கால் தொன் இராணுவ ட்ரக் 9.00-16இல் ஓடியது. ரெண்டுக்கும் ரிம் 16 அங்குலம். பழைய கணக்கைப் போட்டால் ஒன்று சுமார் 28 அங்குலம் உயரம், மற்றது சுமார் 34. யுத்தம் முடிந்து இராணுவம் மிச்சச் சாமான்களை மலிவாக விற்றபோது ஜீப்பும் ட்ரக்கும் அச்சும் ரயரும் சாதாரண ஆட்களின் கையில் வந்து சேர்ந்தன. நாலு சில்லிலும் இழுக்கும் ஒரு வாகனத்தை அதுவரை கண்டிராத விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பாலைவனப் பிரியர்களும் அதை வாங்கினார்கள். பெரிய ரயர் போட்டால் இன்னும் தூரம் போகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ரயருக்காகத்தான் உயர்த்தினார்கள்

இன்றைக்குக் கனபேர் நினைக்கிறது, முதலில் ட்ரக்கை உயர்த்துவது, பிறகு அதுக்கு ஏற்ற ரயரைத் தேடுவது என்று. வரலாறு மறுபக்கமாக நடந்தது.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் வாகனத்தின் உடம்பு மேலே போகும். ஆனால் அச்சு போகாது. பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி இருக்கும் டிஃபரன்ஷல்தான் வாகனத்தின் கீழே தரைக்கு மிகக் கிட்ட இருக்கும் பாகம். கல்லில் முதலில் இடிபடுவதும் அதுதான். அதை உயர்த்தக்கூடியது ரயர் மட்டுமே, அதுவும் கூடுகிற உயரத்தின் பாதியளவுக்குத்தான். 29 அங்குல ரயரைக் கழற்றி 33 போட்டால் டிஃபரன்ஷல் 2 அங்குலம் உயரும். ஸ்பிரிங்கை எட்டு அங்குலம் உயர்த்தினாலும் பழைய ரயரோடு நின்றால் டிஃபரன்ஷல் அந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே முதல் தேவை பெரிய ரயர். அந்த ரயர் மட்கார்டில் உரசாமல் இருக்க உடம்பை உயர்த்தினார்கள்.

1960களில் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் இது வேகம் பிடித்தது. மெல்லிய ரயர் மணலை வெட்டிக்கொண்டு புதையும். அகலமான ரயரில் காற்றைக் குறைத்தால் மணலுக்கு மேல் மிதந்துபோகும். டிக் செபெக் என்பவர் அப்படியான அகல ரயர்களைத் தேடிப் பிடித்துத் தன் வீட்டுக் கராஜிலிருந்து விற்கத் தொடங்கினார், அது பிறகு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. 1967இல் மெக்சிக்கோவின் பாஹா தீபகற்பத்தில் நெடுந்தூரப் பாலைவன ஓட்டப்போட்டி தொடங்கியது. 1976இல் பி.எஃப். குட்ரிச் கம்பனி எல்லா நிலத்துக்குமான ரேடியல் ரயரை ட்ரக்குகளுக்கென்று சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த ரயர்களோடு எண் திரும்பவும் மாறியது. 31×10.50-15, 33×12.50-15. முதல் எண் முழு உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது ரிம். பார்த்தீர்களா, மொடல் ரியின் பழைய முறை ஐம்பது வருசம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. வீதியில் மட்டும் ஓடுகிறவனுக்கு உயரம் தேவையில்லாத தகவல், அதனால் எண்ணிலிருந்து போனது. சேற்றிலும் மணலிலும் ஓடுகிறவனுக்கு அதுதான் முதல் தகவல்.

பெருப்பிக்கிற ஆசைக்கு எல்லை எங்கே என்று பார்க்க விரும்பினால் பொப் சாண்ட்லரின் கதையைப் பார்க்கலாம். மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் பக்கத்தில் நாலு சில்லு இழுவை வாகனங்களுக்கான கடை வைத்திருந்தவர். 1974ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-250 ட்ரக் ஒன்றைக் கடைக்கு விளம்பரமாக மாற்றிக்கொண்டே போனார். ஆக்சிலரேற்றரை அவர் மிதிக்கிற மிதியில் பாகங்கள் உடைந்துகொண்டிருந்ததால் வந்த பட்டப்பெயர் பிக்ஃபுட், பெரிய கால். பெரிய ரயர் போட்டார், அச்சு உடைந்தது. இராணுவ ட்ரக்கின் அச்சைப் போட்டார், அது தாங்கியதால் இன்னும் பெரிய ரயர் போட்டார். அதை உருட்ட எஞ்சினைப் பெருப்பித்தார். 48 அங்குலத்தில் நின்றுகொண்டு 1981இல் ஒரு வயலில் பழைய கார்களின் மேலே ஏறி நசுக்கினார். கொஞ்ச நாளில் 66 அங்குலம் வந்தது. அவை பசளை தூவும் பெரிய விவசாய வாகனங்களின் ரயர்கள். 1986இல் செய்த பிக்ஃபுட் 5க்கு அமெரிக்க இராணுவத்தின் பனிப்பிரதேச இழுவை வண்டிக்கென்று செய்யப்பட்ட 10 அடி ரயர்களைப் போட்டார். மான்ஸ்ரர் ட்ரக் என்ற காட்சிக் கலாசாரமே அங்கிருந்துதான் பிறந்தது.

சாண்ட்லரின் கதையைச் சிரித்துக்கொண்டு வாசிக்கலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரயர் பெருத்தபோது அடுத்து எது உடைகிறதோ அதை மாற்றினார். ரயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று அவர் விடவில்லை. அவரைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் கனபேர் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

மில்லிமீற்றர் வந்தது

இதே காலத்தில் ரயரின் உள்ளமைப்பே மாறிக்கொண்டிருந்தது. பழைய ரயரில் நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்குமறுக்காக ஓடும். மிஷெலின் கம்பனி 1946இல் காப்புரிமை எடுத்த ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், அதுக்கு மேலே உருக்குக் கம்பிப் பட்டிகள் சுற்றியிருக்கும். எண்ணில் இருக்கும் ‘ஆர்’ அந்த ரேடியலைத்தான் குறிக்கிறது.

அமெரிக்கக் கம்பனிகள் 1970களில்தான் அவசரமாக ரேடியலுக்கு மாறின. ஃபயர்ஸ்டோன் கம்பனியின் ‘500’ ரேடியலில் பட்டிகள் கழரத் தொடங்கி, 1978இல் சுமார் 145 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1970களின் பிற்பகுதியில் மில்லிமீற்றர் முறை வந்தது. பி 235/75 ஆர் 15ஐ எடுத்துக்கொள்ளுவோம். ‘பி’ என்றால் பயணிகள் வாகன ரயர். 235 மில்லிமீற்றர் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 வீதம் என்பது, அதாவது 176.25 மில்லிமீற்றர். ரிம் 15 அங்குலம், 381 மில்லிமீற்றர். முழு உயரம்: 381உடன் இரண்டு 176.25ஐக் கூட்டினால் 733.5 மில்லிமீற்றர், ஏறத்தாழ 28.9 அங்குலம். உயரம் மறுபடியும் எண்ணுக்குள் மறைந்துவிட்டது, கணக்குத் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

இந்த எண்ணில் இல்லாத ஒன்று இருக்கிறது. எவ்வளவு காற்று என்பது இதில் இல்லை. அதை ரயர் தீர்மானிப்பதில்லை, அதன் மேலே நிற்கிற வாகனம்தான் தீர்மானிக்கிறது.

எக்ஸ்புளோரர்

ஃபோர்ட் கம்பனி 1990இல் எக்ஸ்புளோரர் வாகனத்தைக் கொண்டுவந்தது. ரேஞ்சர் பிக்கப்பின் அடிச்சட்டத்தை அடிப்படையாக வைத்து, குடும்பங்களுக்கென்று செய்த உயரமான வாகனம். அதற்கு முந்திய பிரொங்கோ 2 குடைசாய்கிறது என்று ஏற்கெனவே வழக்குகள் இருந்தன.

எக்ஸ்புளோரர் சந்தைக்கு வர முதல் நடந்த சோதனைகளில் என்ன நடந்தது என்பது பிறகு வழக்குகளில் வெளிவந்த கம்பனி ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. சட்டென்று திருப்பும் சோதனையில் 235 அளவு ரயரோடு வாகனத்தின் சில்லுகள் தரையை விட்டு எழும்பின. சின்ன 225 அளவோடு நிலைமை பரவாயில்லை. பொறியியலாளர்கள் முன்வைத்த வழிகளில் சில்லுகளுக்கிடையிலான அகலத்தைக் கூட்டுவது, எஞ்சினைக் கீழிறக்குவது, ரயரில் காற்றைக் குறைப்பது ஆகியவை இருந்தன. முதல் இரண்டுக்கும் வடிவமைப்பை மாற்ற வேணும், காலமும் காசும் போகும். காற்றைக் குறைக்க ஒரு ஸ்டிக்கர் போதும். 235 ரயர் நின்றது, காற்று 26 பி.எஸ்.ஐ. என்று எழுதினார்கள். அந்த ரயரின் உச்ச அழுத்தம் 35.

காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக வளையும், வளைவு சூடாகும். கோடையில், நிறைந்த குடும்பத்தோடும் சாமானோடும், நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சூடு உருக்குப் பட்டியின் ஓரத்தைத் தாக்கும். 26இல் தொடங்கினால், கவனிக்காமல் விட்ட சில மாதங்களில் 20க்கு வந்துவிடலாம். தவறுக்கு இடம் மிச்சமில்லை.

அந்த ரயரைச் செய்தது ஃபயர்ஸ்டோன். ஃபோர்டுக்கும் ஃபயர்ஸ்டோனுக்கும் 1900களின் தொடக்கத்திலிருந்தே உறவு. 1947இல் இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் கல்யாணமே நடந்தது. ஆனால் 1990களில் இலினோய் மாநிலத்தின் டெகேற்றர் தொழிற்சாலையில் நிலைமை வேறு. கம்பனி 12 மணித்தியால வேலைநேரத்தையும் சம்பளக் குறைப்பையும் கேட்டது, 1994இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பனி மாற்றாட்களை எடுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் அலன் குரூகரும் அலெக்சாண்டர் மாஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தொழில் தகராறு நடந்த காலத்தில் டெகேற்றரில் செய்த ரயர்களில்தான் பழுதுகள் கூடியிருந்தன என்று காட்டியது. இறப்பர் மரத்தடியிலிருந்து தொழிற்சாலை வரை, ரயரின் தரம் என்பது அதைச் செய்கிறவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது.

வெப்பமான மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போது ரயரின் மேல்பகுதி பட்டியோடு உரிந்து கழன்றுபோகும். வாகனம் இழுபட்டுக் குடைசாயும். 1998இலேயே ஒரு காப்புறுதிக் கம்பனியின் ஆய்வாளர் 21 சம்பவங்களைச் சேர்த்து அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே அது அசையவில்லை. 1999இல் சவூதி அரேபியாவில் ஃபோர்ட் ரயர்களை மாற்றிக் கொடுத்தது, அமெரிக்காவில் மாற்றவில்லை. 2000 பெப்ரவரியில் ஹியூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று விசயத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் முறைப்பாடுகள் குவிந்தன. 2000 ஓகஸ்ட் 9ஆம் திகதி 65 இலட்சம் ரயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் இந்த ரயர்களோடு தொடர்புபட்டதாகப் பதிவான மரணங்கள் 271.

ஃபயர்ஸ்டோன், வாகனம் பிழை என்றது. காற்று 30 இருந்திருக்க வேணும் என்றது. ஃபோர்ட், ரயர் பிழை என்றது. அரச விசாரணை ரயரின் வடிவமைப்பில் குறை இருப்பதாக முடிவு செய்தது. எக்ஸ்புளோரரைத் தனியாக விசாரிக்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. 2001 மே மாதம் அந்த நூற்றாண்டு உறவு முறிந்தது. ஃபோர்ட் இன்னும் 130 இலட்சம் ரயர்களை மாற்றப்போவதாக அறிவித்தது. ஆர் பிழை என்ற வழக்குக்கு வெளியே எங்களுக்குத் தெரிவது இவ்வளவுதான்: உயரமான வாகனம், அதை இன்னும் உயர்த்தும் ரயர் அளவு, அந்த அளவைச் சமாளிக்கக் குறைத்த காற்று, பலவீனமான பட்டி. நாலும் ஒரே வாகனத்தில் சந்தித்தன.

2000 முடிவதற்குள் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. அதன் விளைவாக 2007 செப்டெம்பரிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் காற்று 25 வீதம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது. இன்று டாஷ்போர்ட்டில் எரியும் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கின் பின்கதை இதுதான்.

அப்ப சரியான அளவு எது?

இவ்வளவு வரலாற்றையும் வைத்துக்கொண்டு ஒரு உயர்த்திய ட்ரக்குக்கு வருவோம். பழைய அளவு பி 235/75 ஆர் 15. உடம்பு நாலு அங்குலம் உயர்ந்திருக்கிறது. போட ஆசைப்படுவது 33×12.50 ஆர் 15.

முதலில் உயரம். 28.9இலிருந்து 33 என்றால் 14 வீதம் கூடுதல். ஸ்பீடோமீற்றர் 100 என்று காட்டும்போது உண்மையில் 114இல் போய்க்கொண்டிருப்பீர்கள். டிஃபரன்ஷல் விகிதம் 3.73 என்றால் அது 3.26 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், கியர்பெட்டி சூடாகும். பழைய இழுவை திரும்ப வர 4.27 அல்லது 4.30 விகிதப் பற்சக்கரங்கள் வேணும். பிறேக்கும் பழைய பிறேக்தான், ஆனால் நிறுத்த வேண்டிய சில்லு பாரமானது, பெரியது. 31×10.50 என்றால் வித்தியாசம் 7 வீதம்தான். கியரைத் தொடாமல் ஓடக்கூடிய எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது அகலம். 12.50 அங்குல ரயரைச் சாதாரண 7 அங்குல ரிம்மில் ஏற்றக்கூடாது, 8.5 அங்குலமாவது வேணும். அகல ரிம் வெளியே தள்ளி நின்றால் சில்லின் பெயாரிங்குக்குச் சுமை கூடும், உள்ளே தள்ளி நின்றால் ஸ்ரியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அடிச்சட்டத்தில் உரசும். கராஜில் நிற்கும்போது உரசாதது பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போது உரசும். திருப்பியும் அமுக்கியும் பார்க்காமல் ‘பொருந்துது’ என்று சொல்லக்கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம்: பாரமும் காற்றும். ட்ரக் ரயர்களில் ‘எல்.டி.’ என்று எழுதியிருக்கும், கூடவே சி, டி, ஈ என்று சுமைத் தரம் இருக்கும். கடைகளில் ‘எத்தனை பிளை’ என்று கேட்கிறது இதைத்தான். பருத்தி நூல் அடுக்குகளை எண்ணிய காலத்துச் சொல், இன்றும் நிற்கிறது. பொதுவாக சி என்றால் 6 பிளை, உச்சக் காற்று 50 பி.எஸ்.ஐ. ஈ என்றால் 10 பிளை, 80 பி.எஸ்.ஐ. இப்படியான ரயர் தன்னில் எழுதிய பாரத்தைத் தாங்குவது அந்த உச்சக் காற்றில்தான். பழைய பயணிகள் ரயருக்கென்று கதவோரத்தில் எழுதியிருக்கும் காற்றையே எல்.டி. ரயருக்கும் அடித்தால், பெரிய ரயர் சின்ன ரயரை விடக் குறைவான பாரத்தைத் தாங்குகிற நிலைமையும் வரலாம். பெரிசு என்றால் பலம் என்று நினைக்கிறவர்கள் தவறுவது இங்கேதான். எச்சரிக்கை விளக்கும் பழைய ரயரின் கணக்கில்தான் எரியும், அதை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு அளவுக்கும் எந்தக் காற்றில் எவ்வளவு பாரம் என்று ரயர்க் கம்பனிகள் அட்டவணை போட்டிருக்கின்றன. ட்ரக்கை ஆட்களோடும் சாமானோடும் நிறுத்து, அச்சுக்கு அச்சுப் பாரத்தை எடுத்து, அட்டவணையைப் பார்த்துக் காற்றை முடிவு செய்ய வேணும். எங்கட நாட்டுக்கு வரும் யப்பான் வாகனங்களின் கதவோர ஸ்டிக்கரில் காற்று கிலோபாஸ்கலில் இருக்கும். 100 கிலோபாஸ்கல் 14.5 பி.எஸ்.ஐ. என்று மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது, உடம்பு நாலு அங்குலமும் ரயரால் இன்னும் இரண்டு அங்குலமும் சேர்ந்து ஆறு அங்குலம் மேலே போயிருக்கிறது. எக்ஸ்புளோரர் பொறியியலாளர்கள் பயந்தது 225க்கும் 235க்கும் இடையிலான வித்தியாசத்துக்கு. ஆறு அங்குலம் உயர்ந்த வாகனத்தை வளைவில் பழைய வேகத்தில் திருப்ப முடியாது. மணலுக்காகக் காற்றைக் குறைத்தால் தார் வீதிக்கு ஏற முதல் திரும்ப அடிக்க வேணும். காற்றைக் குறைப்பது மணலுக்கான மருந்து, குடைசாய்வதற்கான மருந்து இல்லை.

கடைசியாக ஒரு ஒப்பீடு. 2021இல் ஃபோர்ட் தன் புதிய பிரொங்கோவுக்கு ‘35 அங்குல’ ரயரைத் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. அளவு 315/70 ஆர் 17. கணக்குப் போட்டால் 34.4 அங்குலந்தான், சந்தை அதை 35 என்கிறது. ஆனால் அந்தப் பொதியில் ரயர் மட்டும் இல்லை. டிஃபரன்ஷல் விகிதம் 4.70க்கு மாற்றப்பட்டது, ஷொக் அப்சோபர் மாறியது, மட்கார்ட் அகன்றது. 1989இல் ஒரு ஸ்டிக்கரால் தீர்க்கப் பார்த்த விசயத்தை அதே கம்பனி இப்போது அச்சிலிருந்து மட்கார்ட் வரை மாற்றித்தான் செய்கிறது. மிசூரி வயலில் சாண்ட்லர் உடைத்து உடைத்துப் படித்ததும் இதைத்தான்.

ஆகவே ஆராவது ‘33 போடலாமா, 35 போடலாமா’ என்று கேட்டால், திரும்பக் கேட்க வேண்டியது மூன்று கேள்வி. முழுப் பாரம் எவ்வளவு? அந்தப் பாரத்துக்கு அந்த ரயரில் எவ்வளவு காற்று? கியரையும் பிறேக்கையும் மாற்றக் காசு இருக்கா? மூன்றுக்கும் மறுமொழி இருந்தால் 33. இல்லையென்றால் 31 போடலாம், அதுவும் பாரத்தையும் காற்றையும் பார்த்துத்தான். ட்ரக் கொஞ்சம் பதிவாகத் தெரியும், அவ்வளவுதான்.